அவளாகவே திறந்த பை

நார்மன் டுடெக்குக்குத் தன் வகுப்புகளிலேயே மிகவும் பிடித்தது, அமெரிக்க அரசியல் சாசனத்தின் நான்காவது திருத்தத்தை நடத்தத் தொடங்கும் அந்த முதல் நாள். ஒஹையோவின் கார்வெல் ஊரில் அவரிடம் குடிமையியல் படித்த யாரைக் கேட்டாலும் மற்றதையெல்லாம் மறந்திருப்பார்கள், அந்த நாளை மறந்திருக்க மாட்டார்கள். இதில் அவருக்குக் கொஞ்சம் தலைக்கனமும் உண்டு. கொஞ்சம் என்று நான் சொல்வது மரியாதைக்காக.

பாடம் இதுதான். மணி அடித்ததும் உள்ளே வருவார். 'குட் மார்னிங்' கிடையாது, சிரிப்பு கிடையாது. "எல்லாரும் பையை எடுத்து மேசை மேல வைங்க. ஜிப்பைத் திறங்க" என்பார். பிள்ளைகள் ஒருவர் முகத்தை ஒருவர் பார்ப்பார்கள், பிறகு வகுப்பு முழுவதும் ஜிப் திறக்கும் சத்தம் கேட்கும். அத்தனை பைகளும் வாயைப் பிளந்து நின்றதும் டுடெக் மேசையில் ஓங்கி ஒரு தட்டுத் தட்டுவார். "ஏன்னு ஒருத்தராவது கேட்டீங்களா? போலீஸ்காரன் உங்க வீட்டுக்குள்ள காரணமில்லாம நுழையக் கூடாதுன்னு இந்த நாடு சட்டம் எழுதி வச்சிருக்கு. நான் வெறும் வாத்தியார். ஒரு வார்த்தை சொன்னேன், எல்லாத்தையும் திறந்து காட்டிட்டீங்க!" பிள்ளைகள் அசடு வழியச் சிரிப்பார்கள். எந்தப் பைக்குள்ளும் அவர் எட்டிப் பார்ப்பதில்லை. யாராவது ஒருவர் 'முடியாது' என்று மறுத்தால், மொத்த வகுப்பையும் எழுந்து நின்று கைதட்ட வைப்பது என்று மனதில் ஒரு திட்டம் வைத்திருந்தார். இத்தனை வருடத்தில் அதற்கு வேலை வரவில்லை.

இந்த வருடம் மாநில நல்லாசிரியர் விருதுக்கு அவர் பெயர் போயிருந்தது. விருதுக் குழுவிலிருந்து ஒரு அம்மாள் வந்து வகுப்பைப் பார்க்கப் போவதாகத் தகவல் வந்தது. சும்மா இருந்திருக்கலாம். பாடத்துக்கு இன்னும் கொஞ்சம் காரம் சேர்க்கலாமே என்று டுடெக்குக்குத் தோன்றிவிட்டது. பள்ளியில் பணியிலிருந்த போலீஸ்காரர் ஸ்டோக்ஸிடம் போய் நின்றார். இருவரும் வெள்ளிக்கிழமை ஃபுட்பால் ஆட்டங்களுக்குச் சேர்ந்து போகிறவர்கள்.

"நீ சும்மா என் பக்கத்துல நில்லுப்பா. அந்த பெல்ட்டு, துப்பாக்கி, மூஞ்சி, அது போதும்."

"என் மூஞ்சிக்கு என்னடா குறைச்சல்?" என்றார் ஸ்டோக்ஸ். "சரி, வரேன். மதியச் சாப்பாடு உன் செலவு."

விருதுக் குழு அம்மாள் கடைசி வரிசையில், மடியில் குறிப்புத் தாளோடு உட்கார்ந்திருந்தார். டுடெக் வழக்கம்போல் ஆரம்பித்தார். பக்கத்தில் ஸ்டோக்ஸ் இடுப்பில் கை வைத்து நின்றதால் ஜிப்புகள் வழக்கத்தைவிட வேகமாகத் திறந்தன. முதல் வரிசையில் ஒரு பை மட்டும் மூடியே இருந்தது.

அது கெசையா டிப்ஸின் பை. பதினேழு வயது, கடைசி வருடம். சாயங்காலம் ஊருக்கு வெளியே இருக்கும் பெரிய மளிகைக் கடையில் சரக்கு அடுக்கும் வேலை. இடைவேளையில் அட்டைப்பெட்டி மேல் உட்கார்ந்து பாடத்தை முன்கூட்டியே படித்துவிடுகிற பெண். ஜூனில் பள்ளி முடித்ததும் நர்சிங் படிக்க இடம் கிடைத்திருந்தது. அதற்குச் சிபாரிசு எழுதிக் கொடுத்ததே டுடெக்தான்.

"எதுக்கு சார்?" என்று கேட்டாள்.

டுடெக்குக்கு உள்ளுக்குள் குளிர்ந்துபோயிற்று. இத்தனை வருடம் காத்திருந்த கேள்வி. அப்போதே மேசையைத் தட்டியிருக்கலாம்.

"எதுக்கா? நான் சொல்றேன், அதுக்கு."

"யார் மேலயாவது சந்தேகமா சார்? எதுவாச்சும் காணாமப் போச்சா?"

"ஏய், திறந்து தொலையேன்டி" என்று பின்னாலிருந்து ஒரு பையன். "இவளால லஞ்ச் போயிடும் போல." வகுப்பு சிரித்தது.

"எல்லாரும் திறந்தாச்சு" என்றார் டுடெக். "நீ மட்டும் மறைக்கிறதுக்கு என்ன இருக்கு?"

"மறைக்கிறேன்னு நான் சொல்லலை சார். திறக்க மாட்டேன்னுதான் சொல்றேன்."

கைதட்ட வேண்டிய இடம் இது. டுடெக்கின் கை மேசைப் பக்கம் போகவும் செய்தது. போகிற போக்கில் கண் கடைசி வரிசைக்குப் போய்விட்டது. அந்த அம்மாள் எழுதுவதை நிறுத்திவிட்டு நாற்காலி நுனிக்கு வந்திருந்தார். நாடகத்தில் நல்ல கட்டம் வந்தால் பார்ப்பவர்கள் அப்படித்தான் உட்காருவார்கள். இன்னும் ஒரு சுற்று போகலாம் என்று டுடெக் முடிவு செய்தார்.

"சரி, திறக்க வேணாம். ஆஃபீசர், இந்தப் பொண்ணு பேரைக் குறிச்சுக்குங்க. இவங்க அம்மாவுக்கு ஃபோன் போடுவோம். வேலையை விட்டுட்டு வந்து அவங்களே திறக்கட்டும்."

கெசையாவின் முகம் மாறியது. அவள் அம்மா லோரீன் ஒரு முதியோர் இல்லத்தில் உதவியாளர். வேலை நேரத்தில் வெளியே போனதற்காக ஏற்கெனவே எச்சரிக்கை வாங்கியவள். இன்னொரு தடவை போனால் வேலை போய்விடும். இது டுடெக்குக்குத் தெரியும். பெற்றோர் சந்திப்புக்கு அம்மா ஏன் வரவில்லை என்று கேட்டபோது கெசையாவே சொல்லியிருந்தாள். தெரிந்துதான் அந்த இடத்தில் குத்தினார். சரியான இடத்தில் குத்தியாயிற்று என்று அந்த நொடியில் அவருக்கு ஒரு திருப்திகூட இருந்தது.

கெசையா ஜிப்பைத் திறந்தாள். திறந்தவள் பையிலிருந்து கையை எடுத்துவிட்டு ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டாள்.

ஸ்டோக்ஸ் குனிந்து பார்த்தார். பார்க்க வேண்டும் என்று யாரும் அவரிடம் சொல்லவில்லை. பார்க்க வேண்டாம் என்றும் யாரும் சொல்லி வைக்கவில்லை. புத்தகங்களுக்கு மேல் கடை ஏப்ரன் சுருட்டி வைத்திருந்தது. அவர் அதைத் தூக்கினார். அதன் பாக்கெட்டிலிருந்து அட்டைப்பெட்டி அறுக்கும் கட்டர் ஒன்று மேசையில் விழுந்தது. மஞ்சள் பிடி, கடையின் பெயர் அச்சடித்தது.

"நேத்து வேலை முடிஞ்சு அப்படியே சுருட்டிப் போட்டுட்டேன்" என்றாள் கெசையா. குரல் மெலிந்திருந்தது. "எடுத்து வைக்க மறந்துட்டேன்."

"சரி, சரி" என்று டுடெக் மேசையைத் தட்டினார். "பாத்தீங்களா எல்லாரும்? இதுதான் இன்னிக்குப் பாடம்..." யாரும் அவரைப் பார்க்கவில்லை. எல்லாரும் ஸ்டோக்ஸைப் பார்த்தார்கள். ஸ்டோக்ஸ் கைக்குட்டையால் கட்டரை எடுத்துக்கொண்டிருந்தார்.

"நார்மன்," என்றார் தாழ்ந்த குரலில், "இது இப்ப நாடகம் இல்லடா."

பள்ளிக்குள் பிளேடு வந்தால் விஷயம் பள்ளி வாரியத்தின் விசாரணை வரை போகும். கத்தி, கட்டர், சவரக்கத்தி எல்லாவற்றுக்கும் ஒரே விதி. தலைமையாசிரியை திருமதி பெட்டிஃபோர்ட் தன் அறையில் டுடெக்கை உட்காரச் சொல்லவில்லை. கதவு திறந்திருந்தது. வெளியே பெஞ்சில் கெசையா உட்கார்ந்திருந்தாள்.

"ஒண்ணே ஒண்ணு கேக்குறேன், நார்மன். நல்லா யோசிச்சு சொல்லுங்க. அவளாத் திறந்தாளா, நீங்க திறக்க வச்சீங்களா?"

டுடெக் யோசித்தார். திறக்க வைத்தேன் என்றால், சந்தேகமே இல்லாமல் ஒரு மாணவியின் பையைச் சோதனை போட்டவர் ஆவார். பள்ளிக்கூடத்தில் வாரன்ட் தேவையில்லை. ஆனால் ஏதாவது நியாயமான காரணம் வேண்டும். அதை வருடா வருடம் கரும்பலகையில் எழுதுகிறவரே அவர்தான். வழக்கு வரும். விருது போகும். பேப்பரில் போட்டோவோடு வரும். பெஞ்சிலிருந்து கெசையா தன்னைப் பார்ப்பது அவருக்குத் தெரிந்தது. அந்தப் பக்கம் திரும்பவில்லை.

"கை அவளோடதுதான்" என்றார். "அவளாகவேதான் திறந்தா."

பெட்டிஃபோர்ட் அவரையே கொஞ்ச நேரம் பார்த்துக்கொண்டிருந்தார். "அப்படியா? சரி" என்றார். கெசையா அன்று மதியமே வீட்டுக்கு அனுப்பப்பட்டாள். விசாரணை முடியும்வரை பள்ளிக்கு வரக்கூடாது.

சாப்பாட்டு அறையில் ஸ்டோக்ஸ் தட்டை எடுத்துக்கொண்டு வேறு மேசைக்குப் போனார். டுடெக் பின்னாலேயே போனார்.

"கண்டுக்காம விட்டிருக்கலாமே. ஒரு கட்டர்தானே?"

"முப்பது பிள்ளைங்க பாத்திருக்கு. பின்னாடி ஒரு அம்மா பாத்திருக்கு. நான் கண்ணை மூடிக்கணுமா? நான் உன் வகுப்புக்கு நானா வந்தேனா?" ஸ்டோக்ஸ் ரொட்டியைப் பிய்த்தார். "வாடா வாடான்னு கூப்பிட்டது நீ. போலீஸைக் கூப்பிட்டா போலீஸ்தான் வரும். தள்ளி உக்காரு, எனக்குச் சாப்பாடு இறங்கலை."

பாடம் நடந்தாக வேண்டுமே. டுடெக் மீதி அத்தியாயத்தை நடத்தினார். வாரன்ட் என்றால் என்ன, சம்மதம் என்றால் என்ன. பயமுறுத்தி வாங்கிய சம்மதம் சம்மதமே இல்லை என்ற பக்கம் வந்தபோது வேகமாகப் படித்துவிட்டுத் தாளைத் திருப்பினார். 'லஞ்ச் போயிடும்' என்று சொன்ன பையன் கை தூக்கினான்.

"சார், கெசையாவுக்கும் இது பொருந்துமா?"

"விசாரணையில இருக்கிற விஷயத்தை வகுப்புல பேசக் கூடாது."

"இல்ல சார், சும்மா பாடத்துக்குத்தான் கேக்குறேன்."

"பேசக் கூடாதுன்னேன்."

பையன் கையை இறக்கிக்கொண்டான். அதற்குப் பிறகு அந்த வகுப்பில் யாரும் எதுவும் கேட்கவில்லை. அதே வாரம் விருதுக் குழு அம்மாளிடமிருந்து மின்னஞ்சல் வந்தது. 'இவ்வளவு உயிரோட்டமான பாடத்தை நான் பார்த்ததில்லை. இறுதிச் சுற்றுக்கு உங்கள் பெயரை அனுப்பியிருக்கிறேன்.' டுடெக் அதை மனைவி ஜோலீனிடம் காட்டவில்லை. பாராட்டு வந்தால் அக்கம்பக்கம் முழுக்கப் படித்துக் காட்டுகிற மனிதர், இதைத் தானே இரண்டாவது முறை படிக்கக் கூசினார்.

ஜோலீனுக்குக் கதை வேறு வழியில் வந்திருந்தது. சின்ன ஊர்.

"அந்தப் பொண்ணை மிரட்டினீங்களாமே?"

"யார் சொன்னா? அவளாத் திறந்தா."

"என்கிட்டயுமா?" என்றாள் ஜோலீன். அதற்கு மேல் கேட்கவில்லை. உருளைக்கிழங்கை அவர் தட்டில் வைத்துவிட்டுத் தன் தட்டோடு டிவி முன்னால் போய் உட்கார்ந்தாள்.

விசாரணை, வாரிய அலுவலகத்தில் ஒரு மதிய நேரத்தில் நடந்தது. நீண்ட மேசைக்குப் பின்னால் மூன்று உறுப்பினர்கள், ஓரத்தில் கொடி, பக்கத்தில் வாரியத்தின் வக்கீல். எதிரே கெசையாவும் லோரீனும். வக்கீல் வைக்க அவர்களுக்கு வசதியில்லை. லோரீன் இல்லத்துச் சீருடையிலேயே வந்திருந்தாள். முறையாக விடுப்புச் சொல்லி வாங்கிய மதியம் அது. கெசையா சர்ச்சுக்குப் போடும் நீல கவுன் போட்டிருந்தாள்.

கேட்டதற்கு மட்டும் பதில் சொல்வது என்று டுடெக் தீர்மானித்து வந்திருந்தார். வக்கீல் அதிகம் கேட்கவும் இல்லை.

"பையைத் திறந்தது யாரு?"

"கெசையா."

"அவங்களாகவேவா?"

"ஆமா."

"நன்றி. பொண்ணு தரப்புல ஏதாவது கேக்கணுமா?"

லோரீன் மகளின் கையைப் பிடித்தாள். கெசையா மெதுவாகக் கையை விடுவித்துக்கொண்டு எழுந்தாள். சாட்சியிடம் எப்படிக் கேள்வி கேட்க வேண்டும் என்று டுடெக் தன் வகுப்பில் மாதிரி நீதிமன்றம் வைத்துச் சொல்லிக் கொடுத்திருந்தார். சின்னக் கேள்வியாகக் கேளு, ஒரு நேரத்தில் ஒன்று கேளு, கோபப்படாதே என்பார். அவருடைய மாணவர்களில் அதை ஒழுங்காகக் கற்றுக்கொண்டவள் இவள்தான்.

"சார், நீங்க சொன்ன உடனே திறந்தேனா?"

"இல்ல."

"முதல்ல என்ன சொன்னேன்?"

"எதுக்குன்னு கேட்ட."

"காரணம் சொன்னீங்களா?"

"சொல்லலை."

"அப்புறம் நான் என்ன சொன்னேன் சார்?"

"திறக்க மாட்டேன்னு சொன்ன."

மேசைக்குப் பின்னால் ஒரு உறுப்பினர் நிமிர்ந்து உட்கார்ந்தார். ஓரத்தில் உட்கார்ந்திருந்த பெட்டிஃபோர்ட் கைகளைக் கோத்துக்கொண்டு தரையைப் பார்த்தார்.

"அப்புறம் ஏன் திறந்தேன்?"

டுடெக் ஞாபகமில்லை என்று சொல்லியிருந்தால் அந்த அறையில் யாரும் மறுத்திருக்க முடியாது. கெசையா அவசரப்படாமல் காத்திருந்தாள். வகுப்பில் பதில் தெரியாமல் விழிக்கிற பையனுக்காக அவர் எப்படிப் பொறுமையாக நிற்பாரோ, அதே மாதிரி நின்றாள்.

"அம்மாவை வேலையிலேர்ந்து கூப்பிடுவேன்னு சொன்னேன்" என்றார். "கூப்பிட்டா அவங்க வேலை போயிடும்னு எனக்குத் தெரியும். தெரிஞ்சுதான் சொன்னேன்."

லோரீன் சட்டென்று மகளைப் பார்த்தாள். இந்தச் சேதி அவளுக்கு அதுவரை தெரியாது. மகள் வீட்டில் இதை மட்டும் சொல்லாமல் விட்டிருந்தாள். லோரீனின் கை வாய்க்குப் போயிற்று.

"என் மேல ஏதாவது சந்தேகம் இருந்துச்சா சார்?"

"துளிகூட இல்லம்மா."

"கடைசிக் கேள்வி. நான் கடைசிவரைக்கும் திறக்காமலே இருந்திருந்தா, என்ன பண்ணியிருப்பீங்க?"

டுடெக்குக்குக் காது மடல்வரை சூடேறியது. பூமி பிளந்து உள்ளே வாங்கிக்கொண்டால் தேவலை என்றிருந்தது.

"வகுப்பையே எழுந்து நிக்கச் சொல்லி... உனக்குக் கைதட்ட வச்சிருப்பேன்."

கெசையா தலையை ஆட்டினாள். "அவ்வளவுதான். நன்றி சார்" என்று உட்கார்ந்தாள்.

அந்த அறையில் இருந்த எல்லாருக்கும் எல்லாம் புரிந்துவிட்டது. டுடெக்குக்கு வெட்கத்தோடு கூடவே கொஞ்சம் தெம்பும் வந்தது. சொல்லியாயிற்று. எனக்கு என்ன ஆனாலும் ஆகட்டும், இவள் தப்பித்தாள் என்று நினைத்தார். காரணமில்லாமல் போட்ட சோதனையில் கிடைத்தது செல்லாது; கரும்பலகையில் அடிக்கோடு போட்டு அவர் எழுதுகிற வரி அது.

வாரிய வக்கீல் மூக்குக்கண்ணாடியைக் கழற்றினார். "வருத்தமான விஷயம்தான்" என்றார். "ஆனா முறைகேடாக் கிடைச்ச சாட்சி செல்லாதுங்கிறது கிரிமினல் கோர்ட்டுக்கு. இது பள்ளி வாரியம். கட்டர் பையில இருந்துச்சா இல்லையா, அது மட்டும்தான் இங்க கேள்வி. எப்படிக் கிடைச்சுதுங்கிறது அந்த ஆசிரியர் மேல தனியா விசாரிக்க வேண்டியது."

கெசையா திரும்பி டுடெக்கைப் பார்த்தாள். "இது நீங்க சொல்லித் தரலியே சார்" என்றாள். குற்றம் சாட்டுகிற குரல் இல்லை; பாடத்தில் ஒரு பக்கம் விட்டுப்போனதைக் கேட்கிற குரல். அந்தப் பக்கம் டுடெக்குக்கே தெரியாது. தன் வகுப்பைத் தாண்டி அந்தச் சட்டம் எங்கே போகும், எங்கே நின்றுவிடும் என்று அவர் ஒரு நாளும் தேடிப் பார்த்ததில்லை.

உறுப்பினர்கள் பக்கத்து அறைக்குப் போய்த் திரும்பினார்கள். விதி விதிதான் என்றார்கள். கல்வியாண்டு முடியும்வரை நீக்கம். ஜூனில் பள்ளி இறுதிச் சான்றிதழ் இல்லை. அது இல்லாமல் நர்சிங் இடமும் இல்லை. தீர்ப்பை வாசித்த உறுப்பினர் "எங்களுக்கும் கஷ்டமா இருக்கும்மா" என்று சேர்த்துக்கொண்டார். லோரீன் "உங்களுக்கு என்னங்க கஷ்டம்?" என்று கேட்டாள்.

நடையில் பெட்டிஃபோர்ட் டுடெக்கை நிறுத்தினார். முகம் சிவந்திருந்தது.

"இன்னிக்குச் சொன்னதை அன்னிக்கு என் ரூம்ல சொல்லியிருக்கலாமே?"

"பயந்துட்டேன், மேடம்."

"நான் எதுக்கு அப்படிக் கேட்டேன்னு நினைச்சீங்க? நீங்க 'நான்தான் திறக்க வச்சேன்'னு ஒரு வார்த்தை சொல்லியிருந்தா, அது சோதனையே இல்ல, வாத்தியார் பண்ணின தப்புன்னு என் அளவுல முடிச்சிருப்பேன். கட்டரைக் கடைக்கு அனுப்பிட்டு, மறுநாள் அவளை வகுப்புல உக்கார வச்சிருப்பேன். அவளாத் திறந்தான்னு நீங்க சொன்ன பிறகு, வாரியத்துக்கு அனுப்பாம என்னால இருக்க முடியாது." குரல் உடைந்தது. "உங்களுக்கு நான் கதவைத் திறந்துதான்யா வச்சேன்."

உண்மையைச் சொன்னால் பலன் இருந்த ஒரே இடத்தில் டுடெக் பொய் சொல்லியிருக்கிறார். ஒரு பலனும் இல்லாத இடத்தில் வந்து உண்மையைச் சொல்லி, சற்று முன்பு அதற்காகத் தன்னைத்தானே மெச்சிக்கொள்ளவும் செய்திருக்கிறார்.

வாசலுக்கு நடந்தார். ஸ்டோக்ஸும் சாட்சிக்கு வந்திருந்தவர், வாசலோரம் தொப்பியைக் கையில் வைத்துக்கொண்டு நின்றார். கெசையாவும் லோரீனும் வந்தார்கள். உள்ளே வரும்போதுதான் அந்தக் கட்டடத்தில் பையைச் சோதிப்பார்கள். வெளியே போகும்போது யாரும் எதுவும் கேட்பதில்லை. ஸ்டோக்ஸும் கேட்கவில்லை. கதவைத் திறந்து பிடிக்கத்தான் ஒரு எட்டு முன்னால் வைத்தார்.

கெசையா நின்றாள். தோளிலிருந்த பையை இறக்கினாள். ஜிப்பைக் கடைசிவரை இழுத்துத் திறந்து, இரண்டு கையாலும் விரித்து அவர் முன்னால் நீட்டினாள்.

"ஐயோ, வேணாம்மா" என்றார் ஸ்டோக்ஸ். "நான் ஒண்ணும் கேக்கலையே. போம்மா."

"பரவால்ல சார், பாத்துக்குங்க."

"கெசையா," என்று டுடெக் ஓடி வந்தார். "மூடும்மா. நீ காட்ட வேண்டியதில்ல. உனக்கு உரிமை..."

அந்த வார்த்தையைச் சொல்லி முடிக்க அவருக்கே வாய் வரவில்லை. கெசையா பையை நீட்டியபடியே நின்றாள். கோபமோ கிண்டலோ அந்த முகத்தில் இல்லை. போகலாம் என்று யாராவது சொல்வதற்காகக் காத்திருந்தாள், அவ்வளவுதான்.

லோரீன் பையை வாங்கி ஜிப்பை மூடித் தன் தோளில் மாட்டிக்கொண்டாள். டுடெக்கை ஏற இறங்கப் பார்த்தாள்.

"மத்த வாத்தியார் சொல்லித் தந்ததையெல்லாம் பரீட்சை முடிஞ்சதும் மறந்துடுவா சார்" என்றாள். "நீங்க சொல்லித் தந்ததுதான் மனசுல நின்னிருக்கு."

மகளின் முதுகில் கை வைத்து வெளியே கூட்டிக்கொண்டு போனாள். ஸ்டோக்ஸ் அவர்களுக்காகக் கதவைப் பிடித்துக்கொண்டார். டுடெக் வருவதைப் பார்த்ததும் விட்டுவிட்டார்.